இரவல் பணமும் இரவல் சொல்லும்

(இறுதியாண்டு மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் என் பெயருக்கு மேலே 'வெளிநாட்டுக் கல்வி விசா பெறுவது எப்படி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பார்த்ததும் கொஞ்சம் நடுங்கிப்போனேன். விசா கொடுக்கிற நாற்காலியில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. 33 வருஷம் பொதுத்துறை வங்கியில் குப்பை கொட்டியவன். அதில் கடைசிப் பத்து வருஷம் கல்விக்கடன் மேசை என் பொறுப்பு. ஆகவே எனக்கு நேரடியாகத் தெரிந்தது விசாக் கோப்பில் பாதிதான். பணம் இருக்கிற பாதி. மீதியை, கடன் வாங்கிப் போன பிள்ளைகளும் போக முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகளும் என் எதிரே உட்கார்ந்து சொன்னதில் தெரிந்துகொண்டேன். நீங்கள் போர்த்திய இந்தச் சால்வை அவர்களுக்குத்தான் சேர வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். என் கிளையில் ஒரு சேமிப்புக் கணக்கு. ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிறவர், வெளிநாடு போக நினைத்த ஒரு பையனின் அப்பா. ஒன்றாம் தேதி சம்பளம் ஏறும், பத்தாம் தேதிக்குள் இறங்கிவிடும். ஆறாயிரம், ஏழாயிரம் எப்போதும் அடியில் கிடக்கும். ஒரு திங்கட்கிழமை அந்தக் கணக்கில் 24 லட்சம் வந்து உட்கார்ந்தது. மூன்று வேறு கணக்குகளிலிருந்து, எட்டு எட்டாக. மறுநாள் அவர் வந்தார். பின்னாலேயே, சட்டையை உள்ளே விட்டு டை கட்டிய ஓர் இளைஞர்.

"சார், பேலன்ஸ் சர்டிபிகேட் வேணும். லெட்டர்ஹெட்ல, இங்கிலீஷ்ல, ரவுண்டு சீலோட." கேட்டது அப்பா அல்ல, டை கட்டியவர்.

"அண்ணே, இது யார் பணம்?" என்று அப்பாவைக் கேட்டேன். அவர் இளைஞரைப் பார்த்தார். இளைஞர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

இதற்கு ஏஜென்ட் வட்டாரத்தில் 'ஷோ மணி' என்று பெயர். பார்வைக்கு வைக்கிற பணம். கல்யாண வீட்டில் இரவல் நகை போட்டுக்கொண்டு நிற்பதுபோல. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்று பிறகு தெரிந்தது. 24 லட்சத்துக்கு ஒரு மாத வாடகை 48,000 ரூபாய். ஜவுளிக் கடைக் கணக்கர் அந்த 48,000-ஐ நகையை அடகு வைத்துக் கொடுத்திருந்தார். நிஜமாகவே அவர் கையிலிருந்து போன பணம் அது ஒன்றுதான்.

நான் சான்று கொடுத்தேன். கணக்கில் இருக்கிற தொகையை இல்லை என்று வங்கி சொல்ல முடியாது. ஆனால் சான்று என்பது ஒரு நாளின் போட்டோ. அதோடு ஸ்டேட்மென்ட்டும் போகிறதே, அது ஆறு மாத சினிமா. மாதக்கணக்கில் ஏழாயிரம் ரூபாயில் ஓடிய படத்தில், கிளைமாக்ஸில் மட்டும் 24 லட்சம் குதித்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அந்தப் பையனைத் தூதரகத் தரப்பில் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாமா கொடுத்த அன்பளிப்பு என்றான். அப்பா கையெழுத்துப் போட்ட கடிதத்தில், பல வருஷச் சேமிப்பு என்று டை கட்டியவர் எழுதிவைத்திருந்தார். அப்பா அதைப் படிக்கவில்லை. பையனும் படிக்கவில்லை.

அவன் விண்ணப்பித்தது பிரிட்டனுக்கு. அந்த நாட்டு விதி பண விஷயத்தில் கறாரானது. முதல் வருஷக் கட்டணத்தில் கட்டாத பாக்கி, அதற்கு மேல் ஒன்பது மாதம் வரைக்குமான வாழ்க்கைச் செலவு. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் நிற்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையாமல். அந்த 28 நாள் முடிகிற தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். செலவுக் கணக்கை 2025 ஜனவரியில் லண்டனுக்கு மாதம் 1,483 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,136 பவுண்டு என்று உயர்த்தினார்கள். அதே வருஷம் நவம்பரில் மறுபடியும் ஏற்றினார்கள். பணம் மாணவர் பெயரில் இருக்கலாம், பெற்றோர் பெயரில் இருக்கலாம். பெற்றோர் பெயரில் என்றால் பிறப்புச் சான்றும் அவர்கள் சம்மதக் கடிதமும் வேண்டும். மாமா, சித்தப்பா, தாத்தா கணக்கெல்லாம் செல்லாது. நம் ஊரில் பாதிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதே தாய்மாமன்தான். அந்த உறவுக்கு லண்டன் கோப்பில் கட்டம் கிடையாது. தென்னந்தோப்பு மூன்று கோடி போகும் என்பார்கள். போகட்டும். தோப்பு பணமல்ல. பங்குப் பத்திரமும் பணமல்ல. கணக்கில் எடுக்கத் தயாராக நிற்கிறதே, அதுதான் பணம்.

சொந்தப் பணம் வைத்திருப்பவருக்கும் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர், மகளுக்காகப் பழைய ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துப் போட்டார். நயாபைசா இரவல் இல்லை. 19-ஆம் நாள், பட்டறை மெஷினுக்கு வாங்கிய கடனின் தவணை அதே கணக்கிலிருந்து தானாகக் கழிந்தது. தேவையான தொகைக்கு 1,900 ரூபாய் குறைந்தது. இரண்டு நாளில் அவர் கவனித்து வேறு பணம் போட்டுவிட்டார். மறுப்புக் கடிதத்தில் அந்த இரண்டு நாளையும் தேதியோடு குறித்திருந்தார்கள். 1,900 ரூபாய்! அந்த மனுஷன் அன்று காலை டீக்கடையில் யாருக்கோ கைமாற்றாகக் கொடுத்த தொகை அதைவிட அதிகம் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பதும் ஓஆண்டா என்ற இணையதளத்தின் அன்றைய விகிதப்படிதான், விகிதம் ஆடும். அதனால் தேவைக்கு மேல் ஒரு லட்சமாவது தாராளமாக நிற்கட்டும். அந்த 28 நாளும் அந்தக் கணக்கோடு எந்தத் தவணையும், எந்த எல்ஐசி பிரீமியமும் கோத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இரவல் பணம் வைத்தவருக்கும் மறுப்பு, சொந்தப் பணம் வைத்தவருக்கும் மறுப்பு. ஆனால் இரண்டும் ஒரே மறுப்பு அல்ல. லேத் பட்டறைக்காரர் மகள் மறுபடி 28 நாள் எண்ணி, அடுத்த பருவத்தில் விமானம் ஏறிவிட்டாள். அந்தப் பையனின் கோப்பில் விழுந்தது வேறு வகைக் கறை. போலி ஆவணம், பொய்த் தகவல் என்று முடிவு கட்டிவிட்டால் பிரிட்டன் பத்து வருஷம் வரை கதவைச் சாத்தலாம். கனடாவில் ஐந்து வருஷம். அமெரிக்கச் சட்டத்தில் அதற்குக் கால வரம்பே இல்லை, ஆயுள் முழுக்க. ஏஜென்ட் போட்ட பொய்க்கும் கையெழுத்து உங்களுடையது.

சரி, கையில் பணமில்லாதவர் என்ன செய்வது? கடன்தான். வங்கிக்காரன் வேறென்ன சொல்வான் என்று சிரிக்கிறீர்கள். விசாக் கோப்புக்குள் போகிற காகிதங்களிலேயே அப்பழுக்கில்லாதது வங்கியின் கடன் அனுமதிக் கடிதம். யார் பணம், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. ஆனால் அது கைக்கு வருகிற வழி லேசல்ல. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை பிணை இல்லை, 7.5 லட்சம் வரை ஜாமீன்தாரர் போதும். அதற்கு மேலே சொத்து. வெளிநாட்டுப் படிப்பு 7.5 லட்சத்தில் எங்கே முடிகிறது? ஆக, வீட்டுப் பத்திரம் வெளியே வரும். மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, வரி ரசீது, கட்டட அனுமதி. இங்கேதான் குடும்பத்தின் பழைய கதையெல்லாம் கிளம்பும். வீடு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பெரியப்பாவோடு கூட்டுப் பட்டா. பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை நின்று எட்டு வருஷம். அத்தை வாரிசுச் சான்றில் விடுபட்டிருப்பார். எத்தனையோ பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தும், பெரியப்பா கையெழுத்துக் கொடுக்கவில்லை. போக நினைக்கிறவர்கள் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் அன்றே பத்திரப் பையையும் பரணிலிருந்து இறக்குங்கள். ஒரு வருஷம் ஆகும்.

கணக்கையும் ஒரு தடவை போட்டுவிடுங்கள். 40 லட்சம் கடன், பத்தரை சதவீதம், இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு. பருவத்துக்குப் பத்து லட்சமாக நான்கு தடவை பட்டுவாடா ஆகிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். அதுவரை சாதாரண வட்டி மட்டும் சுமார் ஒன்பதரை லட்சம் ஏறியிருக்கும். அதையும் அசலோடு சேர்த்துப் பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் 66,000-க்கு மேல். டாலரில் சம்பாதித்தால் இது பெரிய தொகை அல்ல. சென்னைக்குத் திரும்பி வந்து ரூபாயில் சம்பாதித்தால்? 'படிப்பு முடித்துத் திரும்பி வருவேன்' என்று விசா அதிகாரியிடம் சொல்லப்போகிற பிள்ளைதான் இந்தக் கணக்கையும் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நெஞ்சுக்குள் ஒரு முள் குத்தும். குத்தட்டும்.

பணம் இன்றைக்கு நமக்கு மட்டும்தான் இடறல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1914 மார்ச்சில் ராமானுஜன் சென்னையில் கப்பல் ஏறியபோது, இன்றைக்குள்ள மாதிரி மாணவர் விசா என்று ஒன்று கிடையாது. ஆனால் பணத்துக்கு ஏற்பாடு இல்லாமல் அவரும் போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கியது. அதில் 50 பவுண்டு இங்கே குடும்பத்துக்குப் போயிற்று. கணித மேதையின் கதையில் எல்லோரும் சூத்திரத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த 50 பவுண்டுதான் கண்ணில் படுகிறது. தொழில் புத்தி.

பணத்தைக் கையாளுகிற விதத்தில் எனக்குப் பிடித்த நாடு ஜெர்மனி. முடக்கக் கணக்கு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அதன் அளவு 11,904 யூரோ. அதை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்கள் பணத்தையே உங்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு ஓட வழியில்லை. ஷோ மணிக்காரர்களுக்குப் பிடிக்காத நாடு. அதற்கு முன்னால் ஏபிஎஸ் சான்று வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். உங்கள் மார்க் ஷீட் உண்மையா என்று அவர்களே பார்த்துச் சொல்கிற சான்று.

இனி பெயர். சிரிக்காதீர்கள், தமிழர்களுக்கென்றே உள்ள வியாதி இது. உலகத்தில் பெரும்பாலான படிவங்களில் இரண்டு கட்டம்: குடும்பப் பெயர், இடுபெயர். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முதலெழுத்துதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம். என் தங்கை மகன் அப்படித்தான் விட்டான். அமெரிக்க விசாவில் அவன் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. இடுபெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து. 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். பல்கலைக்கழக அடையாள அட்டையில் எஃப்என்யு. வங்கிக் கணக்கில் எஃப்என்யு. மின்சார வாரியத்திலிருந்து வந்த கடிதம் 'அன்புள்ள ஃப்னு' என்று தொடங்கியதாம். அதே ஊரில் இன்னும் நான்கு ஃப்னுக்கள் இருந்ததாகவும், ஒருவர் பார்சல் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும் என்றும் சொன்னான். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவர்களுக்கு வேறு அனுபவம். வகுப்பில் பேராசிரியர் 'மிஸ்டர் சண்முகம்' என்று கூப்பிடும்போதெல்லாம், அப்பா வந்துவிட்டாரோ என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். இதில் எது பரவாயில்லை என்று கேட்டால், அப்பாதான். விண்ணப்பம் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். இடக் கடிதமெல்லாம் வந்த பிறகு திருத்தினால் ஒவ்வொரு காகிதத்தையும் மறுபடி துரத்த வேண்டும். அம்மாவின் பெயர் ஆதாரில் செல்வி, பட்டாவில் தமிழ்ச்செல்வி, பாஸ்புக்கில் வேறொரு முதலெழுத்து என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது நம் அம்மா. கோப்பைப் பார்ப்பவருக்கு மூன்று பெண்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இரவல் பணத்தைவிட இரவல் சொல் ஆபத்தானது என்பது என் கட்சி. பணம் இரவல் என்று கண்டுபிடிக்க ஸ்டேட்மென்ட் வேண்டும். சொல் இரவல் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்.

அமெரிக்க எஃப்-1 மாணவர் விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவம் அனுப்பும். அதைக் காட்டிச் செவிஸ் என்ற மாணவர் பதிவேட்டுக்கான கட்டணம் 350 டாலர் கட்ட வேண்டும். டிஎஸ்-160 என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அதற்கான கட்டணம் 185 டாலர். இரண்டும் போனால் போனதுதான், திரும்பாது. ஒரு நாள் கைரேகை எடுப்பார்கள். இன்னொரு நாள் நேர்காணல். சென்னையில் என்றால் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள துணைத் தூதரகம். விடிவதற்கு முன்பே பெற்றோர் அந்த நடைபாதையில் கோப்புப் பைகளோடு நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பை கனமாக இருக்கும். சொத்து மதிப்புச் சான்று, ஆடிட்டர் சான்று, வருமான வரிக் கணக்கு எல்லாம் இருக்கும். உள்ளே போன பிள்ளைக்கு நேர்காணல் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். பல பேருக்கு அந்தப் பையை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உள்ளவர் திறக்கச் சொல்வதே இல்லை.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கோபப்படுவார்கள். அங்கே கேட்கிற கேள்வி ஒன்றுதான். அமெரிக்காவின் 1952-ஆம் வருஷக் குடிவரவுச் சட்டத்தில் 214 (பி) என்று ஒரு பிரிவு. மாணவர் விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறார் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது நம் வேலை. நீதிமன்றத்தில், நிரூபிக்கிற வரை நிரபராதி என்பார்கள் அல்லவா? இங்கே அது தலைகீழ். இந்தப் பாரத்தை மூன்று நிமிஷத்தில் இறக்கி வைப்பது காகிதம் அல்ல, வாய்.

அந்த வாயைத்தான் நாம் கோச்சிங் சென்டருக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறோம். 'எந்தப் பல்கலைக்கழகம்' என்றால் இதைச் சொல், 'ஏன் இந்தப் படிப்பு' என்றால் அதைச் சொல். ஒரு பையன், நல்ல பையன், மெக்கானிக்கல் படித்தவன். மறுப்புச் சீட்டோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்து அழுதுவிட்டான். எல்லாப் பதிலும் மனப்பாடம். அதிகாரி முதலில் கேட்டது, "அப்பா என்ன செய்கிறார்?" பிசினஸ் என்றான். என்ன பிசினஸ்? ஆட்டோமொபைல் துறை என்றான். அதில் என்ன? தடுமாறினான். அவன் அப்பா லாரி டயருக்கு ரீட்ரெடிங் போடுகிறவர். தேய்ந்த டயரைச் சுரண்டி, மேலே புது ரப்பர் பட்டை ஒட்டி, கொதி நீராவியில் வேகவைத்து எடுக்கிற வேலை. கை எப்போதும் கறுப்பாக இருக்கும். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். கோச்சிங் சென்டரிலும் 'பிசினஸ் என்று சொன்னால் போதும்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் எடுத்திருந்த மேற்படிப்பு என்ன தெரியுமா? பாலிமர் பொறியியல். ரப்பரைப் பற்றிய படிப்பு! அப்பாவின் பட்டறையில் பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் ரப்பர் வெந்த வாசனையில் வளர்ந்த பிள்ளை, 'உலகத் தரமான ஆய்வு வசதிகளால் ஈர்க்கப்பட்டேன்' என்று நோக்க அறிக்கையில் எழுதியிருந்தான். எழுதிக் கொடுத்தவருக்கு ரீட்ரெடிங் பற்றி என்ன தெரியும்? நான் அவனிடம், நீராவிக் கலத்தில் எத்தனை மணி நேரம் வேகவைப்பீர்கள் என்று கேட்டேன். அழுகையை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் பேசினான். எங்கே சூடு அதிகமானால் பட்டை பிய்த்துக்கொள்ளும், எந்தக் கம்பெனி டயர் இரண்டாம் தடவையும் தாங்கும் என்றெல்லாம். ஆங்கிலம் கொஞ்சம் திக்கியது. அதனால் என்ன?

நோக்க அறிக்கை விஷயத்தில் இன்னொன்று. முன்பு ஒரே ஏஜென்சியிலிருந்து இருபது பிள்ளைகளுக்கு ஒரே அறிக்கை போகும், பெயர் மட்டும் மாறும். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கிறது. வழவழவென்று இருக்கிறது. படித்தால் யாருடைய முகமும் தெரிவதில்லை. ஆஸ்திரேலியா 2024 மார்ச்சிலிருந்து, நிஜமாகவே படிக்க வருகிறீர்களா என்று பார்க்க நீளமான கட்டுரைக்குப் பதிலாகக் குறிப்பான கேள்விகள் சிலவற்றை வைத்து, சுருக்கமாகப் பதில் கேட்கிறது. கட்டுரை படித்து அலுத்துப்போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஏஜென்டுகள் எல்லோரையும் நான் திட்டவில்லை. ஒழுங்கானவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் பத்துப் பைசா வாங்காமல் எல்லாம் செய்து தருகிறேன் என்கிறவர் எதில் சாப்பிடுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. கமிஷன் தராத பல்கலைக்கழகத்தின் பெயர் அவர் வாயில் வராது. அவ்வளவுதான், அதைத் தெரிந்துகொண்டு பழகினால் போதும்.

மோசமான கதைகள் வேறு. 2011-இல் கலிபோர்னியாவில் ட்ரை-வேலி என்ற பல்கலைக்கழகத்தை மூடினார்கள். அங்கே சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்து மாநிலத்துப் பிள்ளைகள். சிலருக்குக் காலில் மின்னணுப் பட்டை கட்டி விட்டார்கள். நம் பத்திரிகைகளில் அந்தப் படம் வந்தது. நடத்திய பெண்மணிக்கு 2014-இல் பதினாறு வருஷத்துக்கு மேல் சிறை. 2019 ஜனவரியில் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம். இது இன்னும் விசித்திரம். அதை நடத்தியதே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, பொறி வைப்பதற்காக. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. சுமார் 600 பேர் சேர்ந்தார்கள், 129 இந்திய மாணவர்களைப் பிடித்து வைத்தார்கள், ஆள் சேர்த்துக் கொடுத்த எட்டுப் பேர் மேல் வழக்கு. 'அரசு இணையதளத்தில் பெயர் இருக்கிறதா பாருங்கள்' என்று எல்லோரும் புத்திமதி சொல்வார்கள். ஃபார்மிங்டன் பெயர் அரசுப் பட்டியலிலேயே இருந்தது! ஆகவே பட்டியலைப் பார்ப்பதோடு நிற்காமல், அங்கே யார் பாடம் நடத்துகிறார், எத்தனை மணிக்கு வகுப்பு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கனடாவில் 2023-இல் வெளியானது வேறு ரகம். கல்லூரி நிஜம், சேர்க்கைக் கடிதம் போலி. நூற்றுக்கணக்கான பஞ்சாபிப் பிள்ளைகள் பல வருஷம் படித்து, வேலை பார்த்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் முதல் நாள் காகிதமே பொய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கனடா ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறது.

விதி மாறுவதைப் பற்றி நீட்டப் போவதில்லை. கனடா 2024 நவம்பர் 8-ஆம் தேதி, விரைவு முறை மாணவர் அனுமதியை அறிவித்த அன்றே மூடியது. அமெரிக்கா 2025 மே கடைசியில் மாணவர் நேர்காணல்களுக்குப் புதிய தேதி கொடுப்பதை நிறுத்தி, ஜூனில் மறுபடி தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னது. போன வருஷம் போன அண்ணன் சொன்னது, யூடியூபில் பார்த்தது, இன்று நான் சொன்ன தொகைகள் உட்பட எல்லாவற்றையும் விண்ணப்பிக்கிற அன்று அந்தந்த நாட்டு அரசின் பக்கத்தில் ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

மறுப்பு வந்தால்? முதலில், விசா வரும் முன் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்காதீர்கள். ஒரு ஊரில் 'லண்டன் செல்லும் எங்கள் சிங்கமே' என்று முப்பது அடிக்கு வைத்துவிட்டார்கள். கறி விருந்து முடிந்து நான்காம் நாள் மறுப்பு. அந்தச் சிங்கம் மூன்று மாதம் பகலில் வெளியே வரவில்லை. இந்த அவமானத்துக்குப் பயந்துதான் அடுத்த வாரமே வேறு நாட்டுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: இதற்கு முன் எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா? ஏஜென்ட் 'இல்லை' என்று தட்டிவிடுவார். மறுப்பை மன்னிப்பார்கள், மறைப்பை மன்னிக்க மாட்டார்கள். 214 (பி) மறுப்பு நிரந்தரமானதல்ல; திரும்பப் போகலாம். ஆனால் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். அதே காகிதம், அதே பதில், வேறு சட்டை என்று போவதில் பயனில்லை. டயர் பட்டறைப் பையன் நான்கு மாதம் கழித்துப் போனான். இந்தத் தடவை ரப்பரைப் பற்றியே பேசினேன் சார் என்று ஜெமினியிலிருந்தே போன் பண்ணினான்.

கடைசியாக ஒரு பெண். அம்மா மெஸ் நடத்துகிறவர். காலையில் இட்லி, மதியம் சாப்பாடு. ஜெர்மனியில் இடம் கிடைத்திருந்தது. கடன் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட இருவரும் வந்தார்கள். 14 பக்கம், எல்லாம் ஆங்கிலம். வழக்கமாக நாங்கள் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருப்போம், குறி உள்ள இடத்தில் கையெழுத்து விழும், ஐந்து நிமிஷ வேலை. அந்தப் பெண், "ஒரு நிமிஷம் சார், அம்மாவுக்குச் சொல்லிடுறேன்" என்று முதல் பக்கத்திலிருந்து வாசித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வீடு எப்போது வரை வங்கியில் இருக்கும், தவணை எந்த மாதத்திலிருந்து, கட்டாவிட்டால் என்ன ஆகும். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். எனக்கும் எரிச்சல்தான், மறைப்பானேன். ஒன்பதாம் பக்கத்தில் ஃப்ளோட்டிங் ரேட் என்ற இடத்தில் நின்றாள். தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"வட்டி சமயத்துல ஏறும்மா, சமயத்துல இறங்கும்" என்றேன் அம்மாவிடம்.

அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றிவிட்டு, "இறங்கினதா சரித்திரம் உண்டா சார்?" என்று கேட்டார்.

சிரித்தாகிவிட்டது. கேள்வி நேரத்துக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். ஏஜென்ட் தயார் செய்த கோப்பைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் பின்வரிசையில் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதோடு முன்னால் வாருங்கள். முதல் பக்கத்திலிருந்து பார்ப்போம்.